வெள்ளிக்கிழமையின் பதினைந்து நிமிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஏற்றுமதிக்காரர்களிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறோம். மொத்தம் 64 பேர். அதில் 11 பேர் முஸ்லிம்கள். எட்டு ஆண்கள், மூன்று பெண்கள். ஆண்களில் ஐந்து பேர் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறார்கள். ஒன்று முதல் இரண்டு வரை சாப்பாட்டு நேரம். இவர்கள் திரும்பி வர இரண்டேகால் ஆகிவிடுகிறது. பிளாட்லாக் என்னும் தையல் மெஷின் ஓட்டுகிற ஒருவர் அதில் இருப்பதால் அந்த லைன் நின்றுவிடுகிறது. மற்ற டெய்லர்கள், "அவங்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?" என்று கேட்கிறார்கள்.

சூப்பர்வைசர் ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். முதலில் நேரம் கேட்பார்கள், அப்புறம் இடம் கேட்பார்கள், கடைசியில் நம் பூஜையை நிறுத்தச் சொல்வார்கள் என்று அதில் இருந்தது. நான் அப்படி நினைக்கிறவன் அல்ல. ஆனால் அவருக்குப் பதில் சொல்லவும் தெரியவில்லை. ரம்ஜான் மாதத்தில் என்ன செய்வது என்பதும் குழப்பம்தான். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்க மாட்டார்களா? சட்டப்படி நான் கொடுத்தே ஆக வேண்டுமா?

ந., திருப்பூர்

அன்புள்ள ந. அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதில் பாதி நேரக் கணக்கு, பாதி மனத்தாங்கல். கணக்கை முதலில் போட்டுவிடுவோம். யாரும் அதைப் போடாமல் விட்டதால்தான் மனத்தாங்கல் இவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகையில் முதலில் தமிழில் பயான், அதாவது மார்க்க உரை நடக்கும். பிறகு தொழுகை நடத்தும் இமாம் மிம்பர் என்னும் மேடையில் ஏறிக் குத்பா என்னும் சொற்பொழிவை ஓதுவார். அதன்பின் இரண்டு ரக்அத் (சுற்று) தொழுகை. பயான் கேட்பது நல்லது, ஆனால் கட்டாயமல்ல. குத்பாவும் தொழுகையும்தான் தவறக்கூடாதவை. இரண்டும் சேர்ந்து பெரும்பாலான பள்ளிவாசல்களில் 25 முதல் 30 நிமிடத்தில் முடிந்துவிடும். போக பத்து நிமிடம், ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்ய ஐந்து, திரும்பி வர பத்து, சாப்பிட இருபது. கூட்டினால் அதிகபட்சம் 75 நிமிடம் வரும். நீங்கள் கொடுப்பது 60. ஆக, வாரத்துக்கு 15 நிமிடம் குறைகிறது. வருடம் முழுக்கச் சேர்த்தால் ஒரு ஆளுக்கு 13 மணி நேரம். உங்கள் டெய்லர்கள் பீஸ் ரேட்டில் இருந்தால் அந்த 13 மணி நேரத்துக்கு நீங்கள் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. ஷிப்ட் சம்பளம் என்றால், வெள்ளிக்கிழமை காலை 15 நிமிடம் முன்னால் வந்து உட்காரச் சொல்லுங்கள். அதோடு கணக்கு நேராகிவிடும்.

"இங்கேயே ஒரு மூலையில் தொழுதுகொள்ளுங்களேன்" என்று சில முதலாளிகள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு அது பொருந்தாது. தனியாகத் தொழுதால் அது ஜும்ஆ ஆகாது, வழக்கமான லுஹர் என்னும் நண்பகல் தொழுகைதான். இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாஃபி வழியில் ஊரில் குடியிருக்கும் 40 ஆண்கள் கூட வேண்டும். இன்னொரு மரபான ஹனஃபி வழியில் எண்ணிக்கை குறைவு, ஆனால் அதற்கும் இமாமும் குத்பாவும் யாரும் வரத் திறந்த இடமும் தேவை. மற்ற நாட்களின் தொழுகைக்குத்தான் உங்கள் மூலை உதவும்.

லைன் நிற்பதற்கு வருவோம். பக்கத்துப் பள்ளிவாசலின் பலகையைப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் குத்பா நேரம் வேறு. சில இடங்களில் 12:45, சில இடங்களில் ஒரு மணி, சில இடங்களில் அதற்கும் பிறகு. ஒரு மணிக்குக் குத்பா தொடங்கும் பள்ளி என்றால், வெள்ளிக்கிழமை மட்டும் 64 பேருக்கும் சாப்பாட்டை 12:45-க்கு மாற்றுங்கள். இவர்கள் தனியாக எழுந்து போகும் காட்சியே இருக்காது. எல்லோரும் 1:45-க்கு மெஷினுக்கு வருவார்கள், இவர்கள் இரண்டுக்கு வருவார்கள். அந்த 15 நிமிடத்துக்கு பிளாட்லாக்குக்கு அடுத்த மெஷினிடம் 20, 30 பீஸ் முன்கூட்டியே சேர்ந்திருந்தால் போதும், லைன் ஓடும். காலையில் 15 நிமிடம் முன்னால் வருகிறாரே, அந்த நேரத்தில் தைத்த பீஸே இதற்கு ஆகும். பிளாட்லாக் ஓட்ட இன்னொருவரைப் பழக்குவது இதைவிட நல்லது. அவர் காய்ச்சலில் படுத்தாலும் இதே லைன்தான் நிற்கும்.

இந்த ஏற்பாடு கெட்டுப்போவது ஒரே இடத்தில். யார் உண்மையில் பள்ளிக்குப் போனார், யார் டீக்கடையில் நின்றார் என்று சூப்பர்வைசர் வேவு பார்க்கத் தொடங்கினால், அன்றோடு மரியாதை போயிற்று. எத்தனை மணிக்கு மெஷினில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விதியாக வையுங்கள். எட்டு ஆண்களில் மூன்று பேர் போவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "நீ ஏன் போகலை?" என்று அந்த மூவரிடம் கேட்பதும் அதே தவறுதான்.

மற்ற தொழுகைகள் ஷிப்டோடு அவ்வளவாக மோதுவதில்லை. லுஹர் பன்னிரண்டேகாலை ஒட்டித் தொடங்கி மூன்றரை வரை நீளும். சாப்பாட்டு நேரத்தில் எங்கே வேண்டுமானாலும் பொருத்தலாம். அடுத்து வரும் பிற்பகல் தொழுகையான அஸர் மாலை வரை இருக்கிறது, ஐந்து மணி டீ நேரத்தில் முடித்துக்கொள்வார்கள். கடமையான நான்கு ரக்அத் தொழ ஆறேழு நிமிடம் போதும். மஃரிப் ஒன்றுதான் நெருக்கடி. சூரியன் மறைந்ததிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் தொழுதாக வேண்டும். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாட்களில் அதற்குப் பத்து நிமிடம் விட வேண்டியிருக்கும்.

இடம் என்று தனி அறை கட்ட வேண்டியதில்லை. ஒரு தொழுகை விரிப்பு ஏறக்குறைய இரண்டடிக்கு நான்கடி. ஐந்து பேர் ஒரு வரிசையில் நிற்க பத்தடிக்கு ஐந்தடி சுத்தமான தரை போதும். திருப்பூரிலிருந்து கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் மக்காவின் திசை, நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து சுமார் 20 பாகை வடக்கே சாய்ந்தது. சுவரில் ஒரு அம்புக்குறி ஒட்டிவிடுங்கள். தொழுபவருக்கு முன்னால் ஆள் நடக்கும் வழியாக அந்த இடம் இருக்கக்கூடாது.

உண்மையான சிக்கல் கழுவும் இடத்தில்தான் வரும். ஒளுவில் கணுக்கால் வரை கால் கழுவ வேண்டும். உயரமான வாஷ்பேசின் மட்டும் இருந்தால் காலைத் தூக்கி அதில்தான் வைப்பார்கள். தரை நனையும், யாராவது வழுக்கி விழுவார்கள், முகம் கழுவுகிற இடத்தில் காலை வைக்கிறார்கள் என்று மற்றவர்களும் முகம் சுளிப்பார்கள். பல கம்பெனிகளில் சண்டை தொடங்குவது இந்த வாஷ்பேசினில்தான். ஒன்றேகால் அடி உயரத்தில் ஒரு திண்டு, எதிரே தரையிலிருந்து இரண்டடியில் ஒரு குழாய், தண்ணீர் ஓட நல்ல வாட்டம். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. கட்டிங்கிலிருந்து தூசியோடு வருகிறவர்களும் அங்கேயே கை கால் கழுவிக்கொள்ளலாம்.

இனி ரமலான். சந்திரக் கணக்கு என்பதால் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். தமிழ்நாட்டில் 2024-இல் மார்ச் 12 முதல் நோன்பு, 2025-இல் மார்ச் 2 முதல். இந்த மாதங்களில் சஹர் (விடியலுக்கு முன் சாப்பிடும் நேரம்) ஐந்தேகாலை ஒட்டி முடியும், நோன்பு திறப்பு ஆறரையை ஒட்டி வரும். பதின்மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர்கூட இல்லை. முதல் மூன்று நாள் டீ நின்ற தலைவலி இருக்கும். பிறகு உடம்பு பழகிவிடும். மூன்று மணிக்கு மேல்தான் சோர்வு. அயர்னிங் டேபிளில் நீராவிக்கு முன்னால் நிற்பவரையும், துணி ரோல் தூக்குபவரையும் அந்த மாதம் மதியத்துக்கு மேல் செக்கிங்குக்கோ பேக்கிங்குக்கோ மாற்றுங்கள். கனமான வேலையைக் காலையில் முடியுங்கள். யாருக்காவது தலை சுற்றினால் தண்ணீர் கொடுங்கள். நோயாளி நோன்பை விட்டுவிட்டுப் பிறகு ஈடு செய்ய மார்க்கத்திலேயே அனுமதி உண்டு.

நோன்பாளிகள் ஐந்து மணி டீ குடிக்கப்போவதில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்தை ஆறரைக்கு மாற்றிக் கொடுத்தால் பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, மஃரிப் எல்லாம் அதற்குள் அடங்கும். ஐந்து நிமிடம் கூடினாலும் இருபதுதான். மற்றவர்கள் அவர்களுக்கு முன்னால் சாப்பிடலாமா என்று தயங்க வேண்டாம், வழக்கம்போலச் சாப்பிடலாம்.

மூன்று பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெண்களுக்கு ஜும்ஆ கட்டாயமில்லை. மாதவிடாய் நாட்களில் அவர்கள் நோன்பு வைக்கக்கூடாது, பின்னால் வேறு நாட்களில் வைத்துக்கொள்வார்கள். எனவே ரமலானில் ஒரு பெண் சாப்பிடுவதைப் பார்த்து, "என்னம்மா, இன்னிக்கு நோன்பு இல்லையா?" என்று ஆண் சூப்பர்வைசர் கேட்டால் அது அந்தப் பெண்ணை எல்லோர் முன்னாலும் கூனிக் குறுக வைக்கும் கேள்வி. கேட்பவருக்குத் தெரியாது. அவருக்கு நீங்கள் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

விடுமுறைக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டப்படி நான்கு தேசிய விடுமுறைகளுக்கு மேல் ஐந்து பண்டிகை விடுமுறை தர வேண்டும். பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை என்று அந்த ஐந்தும் பெரும்பாலும் ஒரே பக்கம் போய்விடுகின்றன. ரமலான் பெருநாளுக்கும் பக்ரீதுக்கும் அவர்களுக்கு விடுப்பு கொடுத்து, ஈடாக அவர்கள் எந்த நாளில் வருவார்கள் என்பதை அவர்களோடு பேசி முடிவு செய்யலாம். ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள். பக்ரீத், பிறை பார்த்துத் தொடங்கும் மாதத்தின் பத்தாம் நாள் என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் முன்னாலேயே தேதி தெரிந்துவிடும். ரமலான் பெருநாள் முந்தைய மாலை பிறை பார்த்த பிறகுதான் உறுதியாகும். 2025-இல் மார்ச் 31 பெருநாள் என்பது 30-ஆம் தேதி இரவுதான் முடிவானது. பெருநாள் வரக்கூடிய இரண்டு நாளில் ஷிப்மெண்ட் வைத்துக்கொண்டு, "இவங்களுக்கு லீவு தேதியே தெரியாது" என்று கோபப்பட வேண்டாம்.

இப்போது உங்கள் டெய்லர்களின் கேள்விக்கு. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் 41 நாள் வெறுங்காலோடு வருகிறார்கள், கறுப்பு வேட்டி கட்டுகிறார்கள், தாடி வளர்க்கிறார்கள், தனியே சாப்பிடுகிறார்கள். நேற்றுவரை பேர் சொல்லி அதட்டிய சூப்பர்வைசர் அவர்களை "சாமி" என்கிறார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் இரண்டு மூன்று நாள் வருவதில்லை. வெள்ளிக்கிழமை மெஷினுக்குப் பூ வைத்துச் சூடம் காட்டும்போது லைன் நிற்கிறது. இதெல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. இவற்றை யாரும் சலுகை என்று சொல்வதில்லை, ஏனென்றால் நாம் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. உழைப்பவரின் நம்பிக்கைக்கு இடம்விடும் பழக்கம் உங்கள் கம்பெனியில் ஏற்கெனவே இருக்கிறது. அது இந்தப் பதினோரு பேருக்கும் எட்டினால் போதும்.

எல்லோரும் கேட்பார்களே என்றால், கேட்கட்டும். விதியைப் பொதுவாகவே எழுதுங்கள்: வழிபாட்டுக்கோ குடும்பத் தேவைக்கோ வாரத்தில் ஒரு மணி நேரம் வரை முன்கூட்டிச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், அதே வாரத்தில் ஈடுசெய்ய வேண்டும். அமாவாசைத் தர்ப்பணத்துக்குப் போகிறவரும், ஞாயிறு ஓவர்டைம் அன்று சர்ச்சுக்குப் போக வேண்டியவரும், குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் தாயும் இதில் வருவார்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்திக்கு உங்கள் கம்பெனியே பதில். அந்த ஐந்து பேர் யாருடைய பூஜையையும் நிறுத்தச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அவர்களுக்குத் தேவை கால் மணி நேரம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். நூற்றில் ஆறு பேருக்கும் குறைவானவர்களைக் காட்டி மற்றவர்களை அச்சுறுத்தும் செய்தி அது. சூப்பர்வைசரிடம் கோபப்படாமல், ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல், இதைக் கம்பெனிக்குள் பரப்பக்கூடாது என்று சொல்லுங்கள். ஆயுத பூஜையில் மெஷினுக்குச் சந்தனம் வைப்பதை அவர்கள் தடுக்கப்போவதில்லை. அவர்கள் நெற்றியில் வைக்குமுன் கேளுங்கள். படைத்த பொரியைச் சிலர் சாப்பிட மாட்டார்கள், சிலர் சாப்பிடுவார்கள். படைக்காத இனிப்புப் பெட்டி ஒன்று எல்லோருக்கும் கொடுத்தால் அந்தச் சங்கடமே வராது. மற்றவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் இவர்களை மட்டும் "பாய்" என்கிறீர்களா என்றும் கவனியுங்கள். சிலர் அதை விரும்புவார்கள், சிலருக்குத் தன் பேர் மறைந்துபோன வருத்தம் உண்டு.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு தரும் மதச் சுதந்திரம் முதன்மையாக அரசை நோக்கியது. தனியார் முதலாளி தொழுகைக்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும் என்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் கொடுக்கும் மரபு இந்த மண்ணில் பழையது. முஸ்லிம் காவலர்கள் பணியில் சீரான தாடி வைத்துக்கொள்ள 1957-ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெஜட்டிலேயே இடம் இருந்தது. 2024-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதைச் சுட்டித்தான் ஒரு காவலரின் தண்டனையை ரத்து செய்தது. சீருடையும் ஒழுங்கும் கண்டிப்பான காவல்துறையிலேயே இடம் இருந்தபோது பனியன் கம்பெனியில் கால் மணி நேரம் பெரிய விஷயமல்ல.

நோன்பு தொடங்கியதும் ஒன்று செய்யுங்கள். பள்ளிவாசல்களில் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஐந்து மணி சுமாருக்கு நோன்புக் கஞ்சி ஊற்றத் தொடங்குவார்கள். இதற்கான அரிசியைத் தமிழக அரசே ஆண்டுதோறும் கொடுத்துவருகிறது. யார் பாத்திரம் நீட்டினாலும் ஊற்றுவார்கள், மதம் கேட்பதில்லை. தாமதமாகப் போனால் தீர்ந்துவிடும், அதனால் ஒரு ஹெல்பரை நாலே முக்காலுக்கே அனுப்புங்கள். பதினோரு பேருக்கு ஐந்து லிட்டர் தூக்குவாளி ஒன்று போதும். மற்ற டெய்லர்களும் குடிப்பார்கள் என்றால் இரண்டாகக் கொடுத்தனுப்புங்கள். கறி போட்ட கஞ்சியா என்று அங்கேயே கேட்டுக்கொண்டு வரட்டும், சைவக்காரர்களுக்கு அது தெரிய வேண்டும்.