வன்னியில் ஒரு சின்ன ஊரின் வைத்தியராகவே வாழ்ந்துவிட முடியுமா?

மருத்துவபீட மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "படிப்பு முடிந்ததும் வன்னிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் குடும்ப வைத்தியராக இருந்துவிடலாம் என்று யோசிக்கிறேன். அப்படி வாழ்ந்த யாரையும் தெரியுமா? அந்த வாழ்க்கை எப்படி?"

தெரியும். மல்லாவிப் பக்கம் எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். பெயர் எழுதவில்லை, எழுதினால் ஏசுவார். நான் ஏ.எல். முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த காலத்தில், பின்னேரங்களில் அவர் வீட்டு விறாந்தையில் மருந்து சுற்றிக் கொடுக்க நின்றவன்.

அவர் எம்.பி.பி.எஸ். இல்லை, ஆர்.எம்.ஓ., அதாவது பதிவுபெற்ற மருத்துவ உத்தியோகத்தர். பழைய ஆட்கள் அப்போதிக்கரி என்பார்கள். சண்டைக் காலத்தில் வன்னியின் பல ஆஸ்பத்திரிகளை இழுத்துக்கொண்டு போனது இவர்கள்தான். உங்கள் விரிவுரைகளில் இதை யாரும் பெரிதாகச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

காலமை அரசாங்க டிஸ்பென்சரி, பின்னேரம் வீடு. வீட்டுக்கு வருபவர்களிடம் காசு இருந்தால் வாங்குவார். இல்லாதவர்கள் எருமைத் தயிர், நெல்லு, சீசனுக்குப் பாலைப்பழம் என்று எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை யாரோ மரை இறைச்சி வத்தல் கொண்டுவர, சைவக்காரியான அவரின் மனைவி, எங்களுக்கு அன்ரி, வளவுக்குள்ளேயே எடுக்கவிடவில்லை.

1996இல் கிளிநொச்சியில் சண்டை தொடங்க, சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், துணுக்காய், மல்லாவி என்று வந்து குவிந்தது. அதற்கு முந்தின வருசம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் இன்னும் மரத்தடிகளில் இருந்தார்கள். பொருளாதாரத் தடையால் பெற்றோல், பற்றரி, மருந்து எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. நான் குளிசை சுற்றியது பழைய அப்பியாசக் கொப்பித் தாளில்.

அந்த நேரம் மலேரியா வீட்டுக்கு வீடு. குளோரோகுயின் மூன்று நாள், பிரிமாகுயின் அதைவிடக் கூட நாள். காய்ச்சல் முதல் கிழமையே விட்டுவிடும், சனம் மிச்சக் குளிசையை அடுத்த காய்ச்சலுக்கென்று முடிந்து வைக்கும். வைவக்ஸ் என்ற மலேரியாக் கிருமி ஈரலுக்குள் ஒளித்திருந்து மாதங்கள் கழித்தும் எழும்பும் என்று விளங்கப்படுத்தியே மனிசன் களைத்துப்போனார். கடைசியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் படலையடியில் மறித்து, குளிசையை வாயில் போட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் போகவிட்டார். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பின்னால் இப்படிப் படலையடியில் நின்றவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் வருவதாக இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். ஒரு விடியப்புறம் இடம்பெயர்ந்து வந்த ஒரு தாய் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஐந்தாறு வயது. வயிற்றுக்குத்து, சத்தி. வீக்கமில்லை, காயமில்லை. பூச்சிக் குளிசை கொடுத்து அனுப்பக்கூடிய கேஸ்தான். இவர் கேட்டார்:

"எங்க பிள்ளை இவனைப் படுக்கப் போட்டனீர்? நிலத்திலயோ?"

"ஓம் ஐயா, சாக்கு விரிச்சு."

விரலைப் பெடியனின் நெற்றிக்கு மேலே பிடித்து, "இதைப் பார் ராசா" என்றார். பெடியன் தலையைப் பின்னுக்குச் சரித்து அண்ணாந்து பார்த்தான். இமை எழும்பவில்லை.

கட்டு விரியன் பாம்பு கடித்திருக்கிறது, இமை எழும்பாதது அதன் அடையாளம். இரவில் நிலத்தில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், கடித்தது பலருக்குத் தெரியாது, விடிய வயிற்றுக்குத்தோடுதான் வருவார்கள். லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு மெசினின் பெட்டியில் தானும் ஏறி மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விச முறிவு ஊசி ஏற்றி, மூச்சுக் கொடுக்கிற றப்பர் பையைக் கையாலேயே அமத்தி அமத்திக் காப்பாற்றினார்கள். வயிற்றுக்குத்தும் கட்டு விரியனும் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும். அந்தத் தாய் இருந்த கொட்டிலில் கட்டில் இல்லை என்பது, அதற்கு முந்தின கிழமை அங்கே காய்ச்சல் பார்க்கப் போன இவருக்குத்தான் தெரியும்.

ஊரில் விசகடி வைத்தியர் ஒருவரும் இருந்தார். அவரோடு இவர் சண்டை பிடிக்கவில்லை. "அண்ணை, நீங்கள் மந்திரியுங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனா இறுக்கிக் கட்டாதையுங்கோ, வெட்டாதையுங்கோ, உடன இஞ்ச அனுப்புங்கோ" என்றார். பிறகு அந்த மனிசனே ஆட்களைச் சைக்கிளில் ஏற்றி அனுப்பத் தொடங்கினார்.

குறையும் உண்டு. ஊசி போடாவிட்டால் சனம் திருப்திப்படாது என்று தேவையில்லாமல் விற்றமின் ஊசி போடுவார். எனக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை.

சண்டை முடிந்து 2010 அளவில் சனம் செட்டிகுளம் அகதி முகாம்களிலிருந்து திரும்பியபோது ஒருவரிடமும் கிளினிக் கொப்பி இல்லை. இவர் புதுக் கொப்பி வாங்கிவரச் சொல்லி நினைவிலிருந்தே எழுதினார். "ஆச்சி, உங்களுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. இளையவள் பிறந்த நேரம் மேலெல்லாம் தடிச்சது" என்று சொல்லி, சிவப்புப் பேனையால் முதல் பக்கத்தில் எழுதிக் கோடும் கீறுவார். அப்போது வந்தவர்களில் பாதிப்பேர் தலையிடி, நெஞ்சுநோ என்றுதான் வந்தார்கள். இவர் "நித்திரை வருதோ?" என்று மட்டும் கேட்பார். வீட்டில் இப்போது எத்தனை பேர் என்று கேட்கமாட்டார்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்காதீர்கள். பிள்ளைகளின் படிப்புக்கென்று அன்ரி யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்த வருசங்கள் கனக்க. மகளின் சாமத்தியவீட்டுக்கு இவர் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. ஊர் இதை அர்ப்பணிப்பு என்று மேடையில் சொல்லி மாலை போட்டது. அன்ரி அந்த விழாவுக்குப் போகவில்லை. நானாக இருந்தாலும் போயிருக்கமாட்டேன்.

இப்போது நிலைமை வேறு. ஏ9 கார்ப்பெற் வீதி, 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் இலவச அம்புலன்ஸ், அதுவும் 2018இலேயே வடக்குக்கு வந்துவிட்டது. நடுச்சாமத்தில் உங்கள் படலையைத் தட்டுவது குறையும். ஆனால் இன்றைய வருத்தங்கள் சீனி, பிறசர், சிறுநீரகம். இவை ஒருநாள் பார்த்து அனுப்புகிற வருத்தங்கள் இல்லை, ஒரே ஆள் வருசக்கணக்காகப் பார்க்கவேண்டியவை. இரண்டு வருசத்தில் இடமாற்றம் வாங்கிப் போகிற டொக்டர்மாரை நான் குறை சொல்லமாட்டேன், குவாட்டர்ஸ் கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் யார்தான் இருப்பார்கள்? ஆனால் அவர்கள் போகப் போக ஆச்சிமார் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்லவேண்டியிருக்கிறது.

ஆகவே வாருங்கள், ஆனால் வாழ்நாள் முழுக்க என்று சபதம் எடுக்காதீர்கள். ஐந்து வருசம் என்று வையுங்கள். கலியாணம் கட்டினால் முதலே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். கிழமையில் ஒருநாள் போனை நிற்பாட்டி வையுங்கள், சனம் பழகிவிடும். வந்த முதல் கிழமையே மிட்வைவ் அக்காவோடு ஒரு மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்வாருங்கள். எந்த வீட்டில் யார் நிலத்தில் படுக்கிறார்கள் என்று அவவுக்குத் தெரியும்.