உளவு அமைப்புகளையும் அறிவிக்கப்படாத போர்களையும் மக்கள் பிரதிநிதிகளால் கட்டுப்படுத்த முடியுமா, அல்லது எல்லாம் கண்துடைப்புதானா?

முடியும், பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தால். "எங்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்" என்று சட்டம் போட்டால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. பணத்தை நிறுத்தினால் நடக்கிறது. ஆவணங்கள் ஓரளவு வெளியே வந்துவிட்ட நாடு என்பதால் அமெரிக்காவை வைத்தே சொல்கிறேன்.

வியட்நாம் போரின்போது, 1969 மார்ச் 18 முதல் 14 மாதங்கள், பக்கத்திலிருந்த நடுநிலை நாடான கம்போடியாவின் மீது அமெரிக்காவின் பி-52 விமானங்கள் குண்டு வீசின. அதற்கு வைத்த பெயர் 'மெனு'. இலக்குப் பகுதிகளுக்குக் காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு, சிற்றுண்டி என்று பெயர்கள். கொலைக்குப் பெயர் வைப்பதில்கூட இவர்களுக்கு ஒரு நகைச்சுவை.

மறைத்த விதத்தைக் கேளுங்கள். காகிதத்தில் இலக்கு தென் வியட்நாமில் இருக்கும். உண்மையான இலக்கின் கணக்குகள், தென் வியட்நாமின் பியென் ஹோவாவில் இருந்த அமெரிக்க ரேடார் நிலையத்துக்கு, தலைநகர் சைகோனிலிருந்து ஓர் ஆள் மூலம் உறையில் வரும். இரவில் ரேடார்காரர்கள் விமானங்களைக் கம்போடியாவுக்குத் திருப்பிவிடுவார்கள். விடிந்ததும் அந்தத் தாள்களைக் கொளுத்திவிட்டு, பொய்யான இடத்தைக் குறிப்பிட்டு அறிக்கை அனுப்ப வேண்டும். பிறகு சைகோனில் ஓர் எண்ணுக்கு அழைத்து "ஆட்டம் முடிந்தது" என்று சொல்ல வேண்டும். அந்த ரேடார் நிலையத்தில் பொறுப்பில் இருந்த மேஜர் ஹால் நைட் இவற்றை 1973 ஜூலையில் செனட் (அமெரிக்க மேலவை) குழுவின் முன் சொன்னார். யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று மேலதிகாரியிடம் கேட்டதற்கு, செனட்டின் வெளியுறவுக் குழுவிடமிருந்து என்று நினைக்கிறேன் என்பது போன்ற பதில் வந்ததாம். குண்டு விழுந்த கிராமத்தாருக்குத் தெரியும், வட வியட்நாமுக்கும் தெரியும். தெரியக்கூடாதவர்கள் சொந்த நாட்டு மக்கள் பிரதிநிதிகள் மட்டும்தான்.

அவர்களிலும் எல்லோருக்கும் தெரியாமல் இல்லை. செனட்டர்கள் ரிச்சர்ட் ரஸ்ஸல், ஜான் ஸ்டென்னிஸ் போல வெள்ளை மாளிகைக்கு வேண்டிய ஒருசிலரிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வாய் திறக்கவில்லை. 1969 மே 9 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே செய்தி வந்தது. யாரும் பெரிதாகத் தொடரவில்லை. அரசு மட்டும் தொடர்ந்தது: செய்தி கசிந்த வழியைத் தேடி, அதிகாரிகளும் பத்திரிகையாளர்களுமாக மொத்தம் 17 பேரின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டார்கள். 1974 ஜூலையில், இந்தக் குண்டுவீச்சை மறைத்ததற்காக அதிபர் நிக்ஸன் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவில் 26–12 என்று தோற்றது. காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) சில தலைவர்களுக்கு முன்பே தெரியுமே என்பதும் எதிர்ப்பவர்கள் சொன்ன வாதங்களில் ஒன்று. பாதிப் பேரிடம் கிசுகிசுத்து வைப்பதன் பலன் இதுதான்.

அப்படியானால் கம்போடியாவில் குண்டு எப்படி நின்றது? 1973 கோடையில், நாட்டின் செலவு மசோதாவோடு சேர்த்து, குண்டுவீச்சுக்குப் பணம் கிடையாது என்றது காங்கிரஸ். நிக்ஸன் முதலில் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தினார். மசோதா இல்லாவிட்டால் அரசு நிர்வாகமே முடங்கும் என்ற நிலையில் ஆகஸ்ட் 15 வரை என்று பேரம் பேசி ஒப்புக்கொண்டார். அந்தத் தேதியில் நின்றது.

அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. விஷயத்திலும் இதே கதைதான். 1956-லேயே செனட்டர் சால்டன்ஸ்டால், அவர்கள் சொல்லத் தயங்கவில்லை, கேட்க எங்களுக்குத்தான் தயக்கம் என்ற பொருளில் பேசியிருக்கிறார். 1975-இல் பிராங்க் சர்ச் தலைமையிலான குழு, வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்லப் போட்ட திட்டங்களை வெளிக்கொண்டுவந்த பிறகுதான் இரு அவைகளிலும் நிரந்தரக் கண்காணிப்புக் குழுக்கள் வந்தன. நம் ஊரில் அதுகூட இல்லை. 1968-இல் தொடங்கிய நம் வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வைக் கண்காணிக்க நாடாளுமன்றக் குழு எதுவும் கிடையாது. ஊழல், மனித உரிமை மீறல் புகார்களைத் தவிர, தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அதன் வாசலோடு நின்றுவிடுகிறது.

பணத்தை நிறுத்தினாலும் சந்து தேடுவார்கள் என்பது உண்மை. நிகரகுவா அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா படைக்கு 1984-இல் காங்கிரஸ் பணத்தை வெட்டியதும், ஈரானுக்கு ஏவுகணை விற்ற லாபத்தை அந்தப் படைக்குத் திருப்பிவிட்டார்கள். மாட்டிக்கொண்டவர்களில் ஆறு பேருக்கு 1992-இல் அதிபர் புஷ் மன்னிப்பு வழங்கினார். ஆனாலும், அந்தத் திருட்டு வழிக்கு அவர்களைத் துரத்தியதே பணத்தடைதான்.

1973-இல் வந்த போர் அதிகாரத் தீர்மானத்தைப் பலர் தீர்வாகக் காட்டுவார்கள். படையை இறக்கினால் 48 மணி நேரத்தில் காங்கிரஸிடம் சொல்ல வேண்டும், அனுமதி இல்லையென்றால் 60 நாளில் நிறுத்த வேண்டும் என்கிறது அது. 2011-இல் லிபியாவில் 60 நாள் கடந்தபோது, இது 'பகைமைச் செயல்' என்ற வரையறைக்குள்ளேயே வராது என்றது ஒபாமா அரசு. ஜூன் 24 அன்று பிரதிநிதிகள் சபை அந்தப் போருக்கு அனுமதி தர 295–123 என்று மறுத்தது. அன்றைக்கே, அந்தப் போருக்கான பணத்தைக் குறைக்கும் மசோதாவையும் 238–180 என்று தோற்கடித்தது. குண்டுவீச்சு அக்டோபர் வரை நடந்தது.