குடிக்காத ராத்திரியில் அலறுகிறார், டாக்டர்!

இந்த முறை தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கடிதங்கள் அதிகம். முக்கால்வாசி குடியைப் பற்றியவை. ஆனால் இரண்டு வரி தாண்டினால் விபத்து, சாவு, சின்ன வயதில் நடந்த கொடுமை என்று ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கிறது.

என் கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். கூட வேலை செய்தவர் சாரத்திலிருந்து விழுந்து இவர் கண்ணெதிரே இறந்துவிட்டார். அதிலிருந்து குடி. குடிக்காத ராத்திரியில் அலறி எழுகிறார். மந்திரித்துக் கயிறும் கட்டிவிட்டோம். (பென்னாகரம் வாசகி)

கயிறு இருக்கட்டும் அம்மா, அதனால் கெடுதல் இல்லை. ஆனால் இது காத்து கருப்பு அல்ல. பார்த்த சாவு திரும்பத் திரும்பக் கண் முன் வருவது, கட்டடத்தைக் கண்டாலே ஒதுங்குவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, இதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் என்று பெயர். 1980இலேயே அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் சேர்ந்த நோய்தான்.

உங்கள் கணவர் பெரும்பாலும் தூங்குவதற்காகவே குடிக்கிறார். சாராயம் கனவு வரும் தூக்கத்தை அமுக்கி வைக்கும். நிறுத்தியதும் அமுங்கிக் கிடந்த கனவெல்லாம் மொத்தமாகக் கிளம்பும். அதற்குப் பயந்து மறுநாளே கடைக்குப் போவார். ஊரார் அதை ‘திமிர்’ என்பார்கள்.

‘முதலில் குடியை விட்டுவிட்டு வா, மற்றதை அப்புறம் பார்க்கலாம்’ என்று திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் செய்வதுதான் சரி. முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்து பாதுகாப்பாகக் குடியை நிறுத்த வேண்டும். மாத்திரையோடு பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். பிறகு அதிர்ச்சிக்கான சிகிச்சை. நடந்ததை ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்ல வைப்பது, ஒதுங்கி ஓடிய இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்க வைப்பது ஒரு முறை. ‘நான் பிடித்திருக்கலாமே’ என்று தன்னையே குத்திக்கொள்ளும் நினைப்பை எடுத்துவைத்து அலசுவது இன்னொரு முறை. இது பொதுவாகப் பன்னிரண்டு அமர்வுகள். கண்ணை இடவலமாக நகர்த்தியபடியே சம்பவத்தை நினைக்கச் செய்யும் ஈ.எம்.டி.ஆர். முறையை உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. செர்ட்ராலின் போன்ற மாத்திரையும் சிலருக்கு உதவும். அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அது இன்னொரு பழக்கமாகிவிடும், குடியோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும்.

அப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள் தொடவே மாட்டார். கழற்றிய அன்றே ஆரம்பித்துவிடுவார். அப்படியென்றால் மனசு வைத்தால் முடியும்தானே? (அரூர் வாசகர்)

முடிகிறது, சரி. மாலை போட்ட நாட்களில் என்ன இருக்கிறது பாருங்கள்: அதிகாலைக் குளியல், பஜனை, ‘சாமி’ என்று மரியாதையாகக் கூப்பிடும் கூட்டம். குடிக்கும் நண்பர்கள்கூட விலகி நிற்பார்கள். மாலையோடு அத்தனையும் கழன்றுவிடுகிறது. 42ஆம் நாளுக்கு என்ன ஏற்பாடு என்பதை மாலை கழற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் பேசி வையுங்கள். குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் பக்கத்தில் நடந்தால் அந்தக் கூட்டமும் மரியாதையும் அங்கே கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் மாலைக்காக ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம். அப்படி ஆனால் உடனே 108.

குழம்பில் கலந்து கொடுக்கும் மருந்து பற்றிக் கேள்விப்பட்டேன். (காரிமங்கலம் வாசகி)

வேண்டவே வேண்டாம். அப்படிக் கலப்பது டைசல்பிராம் என்ற குடி நிறுத்தும் மாத்திரையாக இருந்தால், அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழும், உயிரே போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுபவருக்கான மருந்து அது.

ஓசூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறேன். சின்ன வயதில் உறவுக்காரர் ஒருவர் தப்பாக நடந்துகொண்டார். இப்போது மாத்திரை இல்லாமல் தூக்கமில்லை. கவுன்சலிங் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

வேண்டாம் அம்மா. முதல் நாளே ‘என்ன நடந்தது, முழுசா சொல்லு’ என்று துருவுபவர் இருந்தால் எழுந்து வந்துவிடலாம். ஆரம்பத்தில் தூக்கம், படபடப்பு, இன்றைய பாதுகாப்பு இவற்றைத்தான் கவனிக்க வேண்டும். அந்த நாளைப் பற்றிப் பேசுவதா, எப்போது, எவ்வளவு என்பது உங்கள் கையில். வாய்விட்டுச் சொல்லாமலே செய்யக்கூடிய முறைகளும் உண்டு. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்; டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வீட்டுக்குத் தெரியுமோ என்ற பயம் வேண்டாம். நீங்கள் சொன்னதை ரகசியமாக வைப்பது சட்டப்படி அவர்கள் கடமை.

ராத்திரியில் வேன் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகும் போதை மறுவாழ்வு மையத்தில் அண்ணனைச் சேர்க்கலாமா? (ஊத்தங்கரை)

கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனநோயும் அடங்கும். சங்கிலியால் கட்டுவது குற்றம். ஒருவர் சம்மதிக்காத நிலையிலும் சேர்க்க வழி இருக்கிறது. அதற்கு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற மையம்தானா என்று கேளுங்கள், சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். அடித்துத் திருத்துகிறேன் என்பவர், ஏற்கெனவே அடிபட்ட மனசில் இன்னொரு காயத்தைத்தான் சேர்ப்பார்.

எங்கே போவது, செலவு எவ்வளவு?

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவு புறநோயாளி சீட்டு வாங்குங்கள், காசில்லை. ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் பக்கம். குடி, போதைக்கென்றே தனிப் பிரிவு அங்கே உண்டு. கிளம்புவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். போதைக்கு மட்டும் 14446. போகும்போது அவர் இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்பதையும் மறக்காமல் கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.