அண்ணே, ஆம்ப்ல சத்தம் வரலே!

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாண மண்டபம் என்று வாசிக்கும் பையன்களிடமிருந்து கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கும் ஆம்ப்ளிபையர்), ஸ்பீக்கர் பெட்டி பற்றி வந்த கேள்விகள் கீழே.

அண்ணே, நல்லா வாசிச்சிக்கிட்டு இருக்கும்போதே சத்தம் குறையுது, சில நேரம் அடியோட நின்னு போகுது. ஆம்ப்பை ஒரு தட்டு தட்டினா திரும்ப வருது. உள்ளே ஏதாவது போயிடுச்சா?

உள்ளே போகுமுன் வெளியே பாருங்கள் தம்பி. முதலில் கேபிளை மாற்றுங்கள். பெடல்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிட்டாரை நேராக ஆம்ப்பில் சொருகுங்கள். இன்னும் அதே கதைதான் என்றால் ஆம்ப்பின் பின்பக்கம் ‘சென்ட்’, ‘ரிட்டர்ன்’ என்று இரண்டு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். ஒரு குட்டிக் கேபிளால் இரண்டையும் இணையுங்கள். சத்தம் முழுசாக வந்துவிட்டால் குற்றவாளி ரிட்டர்ன் ஜேக்தான். அதில் எதுவும் சொருகாதபோது உள்ளே இருக்கும் ஒரு சிறு தகடு தொட்டுக்கொண்டு ஒலியை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும். நம் ஊர் ஈரத்தில் அந்தத் தகடு கறுத்துப் போகும். தொடுகை போனால் ஒலியும் போச்சு.

ஆம்ப்பை அணைத்துவிட்டு, ஒரு பிளக்கின் மேல் காண்டாக்ட் கிளீனர் லேசாக அடித்து, அந்த ஜேக்கில் இருபது முறை சொருகி எடுங்கள். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். காண்டாக்ட் கிளீனர் என்றால் மின் தொடுகைக்கென்று விற்கும் ஸ்ப்ரேதான். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

வால்யூம் திருகினா கரகரன்னு சத்தம் வருதே?

அதே ஸ்ப்ரேதான். ஆம்ப்பை அணைத்து, குமிழைச் சுற்றியுள்ள இடுக்கில் அடித்து, கடைசியிலிருந்து கடைசி வரை முப்பது தடவை திருப்புங்கள். கழுவிய பிறகும் கரகரப்பு நிற்கவில்லையென்றால் அது அழுக்காக இருக்காது. முந்தைய கட்டத்துக் கப்பாசிட்டர் கசிந்து, நேர்மின்சாரம் (டிசி) அந்தக் குமிழுக்கு வரலாம். அது ரிப்பேர்காரர் வேலை.

ஐயா, பாடும்போது மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கிறது. கிட்டாரை விட்டுவிட்டால் அடிப்பதில்லை. எர்த் பின்னை வெட்டிவிட்டால் சரியாகும் என்கிறார்கள்.

அப்படிச் சொன்னவரை மேடைப் பக்கமே விடாதீர்கள். கிட்டார் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தவை. மைக் மிக்சரின் எர்த்தோடு சேர்ந்தது. இரண்டும் சரியாக இருந்தால் இடையில் வோல்டேஜ் ஏறக்குறைய சுழியம்தான். ஒன்றுக்கு எர்த் அறுந்தால் நடுவில் நிற்பவர் உடம்புதான் வையர்.

மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை கிட்டார் கம்பியில், மறுமுனை மைக்கின் வலைத் தலையில். 100 வோல்ட் சொச்சம் காட்டினால் ஒரு பக்கம் எர்த் இல்லை. ஓரிரு வோல்ட்டுக்கு மேல் எது காட்டினாலும் அதைக் கண்டுபிடிக்கும்வரை யாரும் வாசிக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வையரைச் சந்தேகப்படுங்கள். மூன்று பின் பிளக் மாட்டி, உள்ளே இரண்டு கம்பி மட்டும் ஓடுவது நிறைய. அதைச் சுவரிலிருந்து கழற்றி, பிளக்கின் பெரிய பின்னுக்கும் மறுமுனையின் எர்த் ஓட்டைக்கும் இடையே ஓம் அளந்தால் ஒன்றுக்கும் குறைவாக இருக்கணும். ஆம்ப்பும் மிக்சரும் ஒரே சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுத்தால் நல்லது. ஜெனரேட்டரில் ஓடும் பந்தல் என்றால் எர்த் கம்பி மண்ணில் அடித்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஹம்மு சத்தம் ஓயாமல் வருது. கம்பியைத் தொட்டா குறையுது.

தொட்டால் குறைவது கிட்டாரின் குணம். உங்கள் உடம்பு வாங்கும் இரைச்சலைக் கம்பி வழியாக எர்த்துக்கு அனுப்புகிறது. கலங்கத் தேவையில்லை. குழல் விளக்கை விட்டு விலகி, கிட்டாரைக் கொஞ்சம் திருப்பி நின்று பாருங்கள். தொட்டால் *கூடினால்* முந்தைய பதிலுக்குப் போங்கள்.

கிட்டாரையே கழற்றிய பிறகும் ஹம் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தாழ்ந்த முனகல் 50, அது எர்த் லூப்பாகவோ (எர்த் இரண்டு வழியில் சேர்ந்து வளையமாவது) கேபிளாகவோ இருக்கும். அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, ரம்பம் மாதிரி இரைந்தால் 100. பழைய ஆம்ப்பில் மின்சாரத்தைச் சீராக்கும் பில்டர் கப்பாசிட்டர் வறண்டுவிட்டது என்று அர்த்தம்.

8 ஓம் பெட்டி இரண்டு வச்சிருக்கேன். ஆம்ப்பில் ‘மினிமம் 4 ஓம்’னு இருக்கு. இரண்டையும் மாட்டலாமா?

தாராளமாக. இணையாக மாட்டினால் எட்டும் எட்டும் நான்கு. ஆனால் இரண்டு 4 ஓம் பெட்டி மாட்டினால் 2 ஆகிவிடும். டிரான்சிஸ்டர் ஆம்ப் சூடேறி அவுட்புட் புகையும். வால்வ் ஆம்ப் (உள்ளே கண்ணாடிக் குழாய் வைத்தது) வேறு ஜாதி: பெட்டியே மாட்டாமல் அதை ஓட்டவே கூடாது. பாரம் இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் எகிறி, சுருள் எரிந்துவிடும். அந்தச் சாமானைப் புதிதாக வாங்கும் காசுக்கு இன்னொரு பழைய ஆம்ப்பே கிடைக்கும்.

ஆம்ப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் கிட்டார் கேபிள் போடாதீர்கள். தலைமுடி மாதிரி நடுக்கம்பி அதற்கு. 1.5 எம்எம் இரட்டை வையர் போதும்.

நான்கு ஸ்பீக்கர் பெட்டியில் இரண்டு மட்டும் ஊமை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிப் போகும்?

இரண்டும் போகவில்லை, ஒன்றுதான் போயிருக்கும். 16 ஓம் ஸ்பீக்கர் நான்கை, இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த இரு ஜோடியை இணையாகச் சேர்த்திருப்பார்கள். மொத்தம் 16. ஒன்று அறுந்தால் அதன் ஜோடியும் பேசாது. மீதி இரண்டை ஆம்ப் 32 ஓமாகப் பார்க்கும். வால்வ் ஆம்ப்பை அப்படியே தொடர்ந்து ஓட்ட வேண்டாம்.

ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு வையரைக் கழற்றி மீட்டரில் அளங்கள். 16 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 11 முதல் 13 வரை காட்டும். 8 ஓம் என்றால் 6, 7. குறைவாக இருக்கிறதே என்று பதற வேண்டாம், மீட்டர் அளப்பது கம்பியின் டிசி தடையை மட்டும். எதுவுமே காட்டாததுதான் செத்தது. அதிலும் டெர்மினலிலிருந்து கூம்புக்குப் போகும் பின்னல் கம்பியை அசைத்துப் பாருங்கள். அங்கே அறுந்திருந்தால் சாலிடர் வைத்துக் காப்பாற்றலாம். உள்ளே சுருள் எரிந்திருந்தால் காயிலையே மாற்றணும்.

புது ஸ்பீக்கர் போட்டபின் பாஸ் மெலிந்து கேட்டால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். 1.5 வோல்ட் பேட்டரியை நொடிநேரம் பெட்டியின் பிளக்கில் தொட்டால், எல்லாக் கூம்பும் ஒரே பக்கம் நகரணும்.

ஸ்விட்ச் போட்டவுடனே பியூஸ் போகுது. சிகரெட் பெட்டி வெள்ளித் தாள் வச்சு ஓட்டிட்டேன், அப்புறம் புகை வந்துடுச்சு.

பியூஸ்தான் உங்களுக்குத் தந்தி அனுப்பியது. நீங்கள் தபால்காரரை அடித்துவிட்டீர்கள். ஆம்ப்பின் பின்னால் எழுதிய அளவையே போடணும், எண்ணுக்கு முன் ‘டி’ (T) இருந்தால் மெதுவாக எரியும் வகை. வால்வ் ஆம்ப்பாக இருந்தால் அவுட்புட் வால்வுகளை எடுத்துவிட்டுப் புதுப் பியூஸ் போடுங்கள். பியூஸ் நின்றால் வால்வுகளில் ஒன்று ஷார்ட். அப்போதும் போனால் ரெக்டிபையர் (ஏசியை டிசியாக்கும் பாகம்) அல்லது டிரான்ஸ்பார்மர்.

ரிப்பேர் தெரிந்தவர் மின்சாரப் பாதையில் 100 வாட் இழை பல்ப் ஒன்றைத் தொடரில் போட்டுச் சோதிப்பார். சட்டென்று எரிந்து மங்கினால் நல்லது, முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. நீங்களாக ஆம்ப்பைத் திறக்காதீர்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வால்வ் ஆம்ப்பின் கப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல்கூடத் தங்கியிருக்கலாம்.

தம்பி, மகனுக்கு அமெரிக்காவிலிருந்து மாமா ஒரு ஆம்ப் அனுப்பியிருக்கார். பிளக்கை மட்டும் மாற்றினா போதுமா?

போதாது அக்கா. பின்னால் 120 வோல்ட் மட்டும் எழுதியிருந்தால், நம் 230ல் போட்டதும் அவ்வளவுதான். மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் அதை முதலில் திருப்புங்கள், பியூஸ் அளவும் அதற்கேற்ப மாறும். இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேணும். ஆம்ப்பில் எழுதிய வாட் கணக்கைவிட ஒன்றரை மடங்காவது பெரிதாக வாங்குங்கள், எர்த் பின் கடைசிவரை போகிறதா என்று கடையிலேயே கேளுங்கள்.

கோயில் ஸ்டோரில் வருஷம் முழுக்கக் கிடக்குது. எடுக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு கோளாறு.

சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பிளாஸ்டிக் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும், துணி போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரைமணி நேரம் ஓட்டினால் அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். ஸ்விட்ச் போடுமுன் பின்பக்கத் துளைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள், பல்லியும் எறும்பும் சூடான டிரான்ஸ்பார்மரைத்தான் தேடி வரும்.