உளுத்துப்போன மரப்படி: முறிந்த கைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: கடலூர் முதுநகரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் எட்டு வருடமாகக் குடியிருக்கிறோம். கொல்லைப் பக்கம் வெளியே இருக்கும் மரப்படிதான் மாடிக்கு ஒரே வழி. மேலே உள்ள மர வராந்தாவும் நடந்தால் ஆடுகிறது. வீட்டுக்காரரிடம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. 'பார்க்கலாம்மா' என்பார், அதோடு சரி. போன மாதம் படி ஒன்று உடைந்து என் மாமியார் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கேட்டால், 'சில்லறை ரிப்பேர் உங்கள் பொறுப்பு என்று அக்ரிமெண்டில் இருக்கிறதே' என்கிறார். நாங்களே சரிசெய்து வாடகையில் கழிக்கலாமா? வைத்தியச் செலவை அவரிடம் கேட்க முடியுமா? கேட்கப்போய், காலி செய்யச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் நான் ஒன்று கேட்கிறேன். உடைந்த அந்தப் பலகை எங்கே? விறகோடு விறகாகப் போகவில்லை என்றால் இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். முதுநகர் வீடுகளின் மரப்படிகளைப் பார்த்திருக்கிறேன். மேலே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே கரையான் அரித்துக் கூடாகியிருக்கும். உப்புக் காற்றில் ஆணி துருப்பிடித்து ஊசியாக இளைத்திருக்கும். உடைந்த இடத்தில் அந்த மரத்தூளும் துருக்கறையும் அப்படியே இருந்தால், 'கிழவி கால் தடுக்கி விழுந்தாள்' என்று எதிர்த்தரப்பு பேச வாய்ப்பில்லை.

மற்ற படிகளையும் போட்டோ எடுங்கள். படி பக்கச் சட்டத்தில் சேரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று உள்ளே போனால் அந்தப் படியும் போய்விட்டது என்று அர்த்தம். ஆசாரி ஒருவரை வரவழைத்து, எதெல்லாம் மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

இனி அக்ரிமெண்ட். குழாய்க்கு வாஷர் மாற்றுவதும், அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்திவிடுவதும் சில்லறை ரிப்பேர். மாடிக்கு ஏறும் ஒரே படியும், ஆள் நடக்கும் வராந்தாவும் கட்டடத்தின் அங்கம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், கட்டமைப்பு சார்ந்த பழுதுகளை வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வைக்கிறது. நீங்கள் சேதப்படுத்தியிருந்தால் மட்டுமே கதை வேறு. 'வாடகை குறைவுதானே' என்று அவர் சொன்னாலும் அது இதற்குப் பதிலாகாது.

கழிக்கலாமா என்றால், கழிக்கலாம். வீட்டுக்காரர் செய்ய மறுத்தால் நீங்களே செய்து செலவை வாடகையில் பிடித்துக்கொள்ள அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எந்த மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. வாடகையை முழுவதுமாக நிறுத்திவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போதே, வாடகை பாக்கி என்று உங்களைக் குற்றவாளியாக்கிவிடும் தவறு அது.

அதற்கு முன் கடிதம் எழுதியாக வேண்டும். எட்டு வருடமாக வாயால் சொன்னீர்கள், அவரும் வாயாலேயே தட்டிக்கழித்தார். எந்தப் படி, என்றைக்கு உடைந்தது, யாருக்கு என்ன அடி, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 'பார்க்கலாம்மா' வாட்ஸ்அப்பில் இருக்கிறதா? இருந்தால் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். படி மோசம் என்று அவருக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது, 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

மாமியாரின் வைத்தியச் செலவையும் அவர் பட்ட வேதனைக்கான இழப்பீட்டையும் கேட்டு, அலட்சியத்தின் பேரில் சிவில் வழக்குப் போடலாம். விழுந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னீர்கள் என்பது இங்கே முக்கியம். பதற்றத்தில் 'வீட்டில் வழுக்கி விழுந்துட்டாங்க' என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறியிருந்தால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுதான். நகல் வாங்கிப் பாருங்கள். 'படி மோசம் என்று தெரிந்தும் ஏன் ஏறினீர்கள்?' என்றும் கேட்பார்கள். வேறு வழியே இல்லை என்பது உங்கள் பதில். அதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

காலி செய்யச் சொல்லும் பயம் புரிகிறது. ரிப்பேர் கேட்டார் என்பதற்காக யாரையும் வெளியேற்ற முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டி, வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வாங்கினால்தான் முடியும். ஆனால் ஆள் இருந்தால் செய்ய முடியாத பெரிய மராமத்து, இடித்துக் கட்டுவது ஆகியவையும் அந்தக் காரணங்களில் உண்டு. அவர் அந்த வழியில் வரலாம் என்பதையும் மனதில் வையுங்கள். அக்ரிமெண்ட் வாடகை அதிகாரியிடம் பதிவாகவில்லை என்றால் முதலில் அதைக் கவனியுங்கள். வீடு கோவிலுக்கோ வக்ஃபுக்கோ சொந்தமானதாக இருந்தால் மறக்காமல் எழுதுங்கள், அதற்கு வழி வேறு.

வக்கீல் ஃபீஸுக்காகத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. பலகையின் போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், அக்ரிமெண்ட் இவற்றோடு கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நீங்களும் மாமியாரும் போங்கள். கை முறிந்தது அவருக்கு, எனவே இழப்பீட்டு வழக்கு அவர் பெயரில்தான் வர வேண்டும்.

படி சரியாகும்வரை தண்ணீர் கேன் போடும் பையனை மேலே ஏறவிடாதீர்கள். கேனைக் கீழேயே வாங்கி வையுங்கள். ஆபத்து என்று தெரிந்தும் எச்சரிக்காமல் விட்டு அவன் விழுந்தால், அங்கே குடியிருக்கும் உங்களிடமும் கேள்வி வரும்.