கப்பல் பயணத்தில் கரையிறங்கும் நாள்: எங்கே செலவழிக்கலாம், எங்கே வேண்டாம்?

சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் தொட்டு, மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்கும் கப்பல் பயணம் பற்றிக் கொஞ்ச நாளாகவே கேள்விகள் வருகின்றன. கரையிறங்கும் நாளில் ஆகும் செலவைப் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அடுத்த மாதம் நானும் கணவரும் மாமனார், மாமியாரோடு கப்பலில் போகிறோம். பினாங்கில் காலை எட்டு மணிக்கு இறங்கி, மாலை ஐந்துக்குள் திரும்ப ஏற வேண்டும். கப்பல்காரர்களின் ஊர்சுற்றும் டூருக்கு நான்கு பேருக்கும் சேர்த்து 400 சிங்கப்பூர் டாலருக்கு மேல் கேட்கிறார்கள். எடுக்காவிட்டால் தெரியாத ஊரில் மாட்டிக்கொள்வோமோ என்று மாமனார் பயப்படுகிறார். என்ன செய்யலாம்? – வாசகி, திருச்சி

பதில்: பினாங்கில் அந்த டூர் வேண்டாம். உங்கள் மாமனார் பயப்படும்படியான ஊர் இல்லை அது. தமிழிலேயே பேசிச் சமாளித்துவிடலாம்.

கப்பல் டூர் எடுப்பதா இல்லையா என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கப்பல் நிற்கும் இடத்துக்கும் நீங்கள் பார்க்கப்போகும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? பினாங்கில் கப்பல் வந்து நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்தால் விக்டோரியா மணிக்கூண்டு, அதையொட்டி கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம் அது. அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி முழுக்க இப்படி நடை தூரத்தில்தான் கிடக்கிறது. கப்பல் டூர் பஸ்ஸும் உங்களை இதே தெருக்களில்தான் இறக்கிவிடும். நாற்பது பேரை எண்ணி எண்ணி ஏற்றுவதில் ஒரு மணி நேரம் போவது தனி.

பெரியவர்களோடு போவதால் வெயிலுக்கு முன் நடையை முடித்துவிடுங்கள். இறங்கியதும் நேரே குயின் தெரு மாரியம்மன் கோயில். 1833இல் எழுந்த கோயில், பினாங்கிலேயே மிகப் பழைய இந்துக் கோயில். நம்மூர் போலவே நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் இதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சூலியா தெரு. நம் கடற்கரை ஊர்களிலிருந்து வியாபாரத்துக்குப் போன தமிழ் முஸ்லிம்கள் வேரூன்றிய இடம். மதியம் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, அசைவம் என்றால் நாசி கண்டார், அதாவது சோற்றின் மேல் பல குழம்புகளை ஊற்றித் தரும் சாப்பாடு. நாசி கண்டாரில் மட்டும் ஒரு எச்சரிக்கை: தட்டில் வைத்த பிறகுதான் விலை சொல்வார்கள். பெரிய இறால், மீன் தலை வைக்கச் சொல்வதற்கு முன் விலையைக் கேட்டுவிடுங்கள்.

போக்குவரத்துக்கு கிராப் செயலி. அதை ஊரிலேயே போனில் ஏற்றி, உங்கள் எண்ணைச் சரிபார்த்து முடித்துவிடுங்கள். துறைமுக வாசலில் நின்றுகொண்டு ஓடிபி வரவில்லையே என்று தவிப்பவர்களைத்தான் அங்கே காத்திருக்கும் டாக்சிக்காரர்கள் பிடிப்பார்கள். பினாங்கு டாக்சியில் மீட்டர் போடுவது அபூர்வம். கிராப்பில் ஏறுமுன்பே கட்டணம் தெரிந்துவிடும். நான்கு பேருக்கு ஒரு கார் போதும். ஊருக்குள் சுற்றும் ‘கேட்’ பேருந்து இலவசம், ஆனால் எப்போது வரும் என்று நின்றுகொண்டிருக்கப் பெரியவர்களுக்குப் பொறுமை இருக்குமா, பாருங்கள். டிரைஷா என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏறினால், பேசும் தொகை வண்டிக்கா, ஆளுக்கா, எத்தனை நேரத்துக்கு என்ற மூன்றையும் ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். தகராறு வருவதெல்லாம் ‘ஆளுக்கா’ என்ற இடத்தில்தான்.

பினாங்கு மலைக்கும் போக ஆசை என்றால், அங்கேதான் கணக்குப் போட வேண்டும். மலை ரயில் ஏறுவது சில நிமிடம்தான், வரிசைதான் நேரத்தைத் தின்னும். பெரிய கப்பல் வந்த நாளிலும் மலேசியப் பள்ளி விடுமுறையிலும் சொல்லவே வேண்டாம். சீக்கிரம் ஏற்றிவிடும் ‘ஃபாஸ்ட் லேன்’ டிக்கெட் சாதாரண டிக்கெட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஒன்பது மணி நேரத்தில் மலையும் ஊரும் இரண்டும் முடியும், ஆனால் மாமியாருக்கு மூச்சு வாங்கும். நானாக இருந்தால் மலையை விட்டுவிட்டு, வெல்ட் கீயில் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனர்களின் மர வீட்டுக் குடியிருப்பைப் பார்த்துவிட்டு, தேங்காய்ப் பாலும் ஐஸும் சேர்ந்த செண்டோலைக் குளுகுளுவென்று குடித்துவிட்டு, மூன்றரைக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடுவேன்.

பணத்தைக் கப்பலில் மாற்றாதீர்கள், விகிதம் கட்டுப்படியாகாது. லிட்டில் இந்தியாவைச் சுற்றிப் பணம் மாற்றும் கடைகள் இருக்கின்றன. இரண்டு மூன்று கடைப் பலகையைப் பார்த்துவிட்டு, ஒரு நாளுக்கு வேண்டியதை மட்டும் ரிங்கிட்டாக மாற்றுங்கள். கார்டு தேய்க்கும்போது ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, ரிங்கிட்டிலா’ என்று மெஷின் கேட்டால் ரிங்கிட் என்றே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த விகிதத்தில் கழிப்பார்கள்.

கேள்வி: பினாங்குக்கு நீங்கள் சொல்வது புக்கெட்டுக்கும் பொருந்துமா? – வாசகர், ஈரோடு

பதில்: பொருந்தாது. புக்கெட்டில் பல கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. பட்டாங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, ‘டெண்டர்’ எனப்படும் சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். அதற்கு டோக்கன், வரிசை எல்லாம் உண்டு. கப்பலின் டூர் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் முதல் படகு. நீங்கள் கரையில் கால் வைக்கும்போது ஒரு மணி நேரம் போயிருக்கலாம். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தையும் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாங்கில் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவது மட்டும் என்றால் டூர் வேண்டாம். பீபீ தீவு என்றால் கதை வேறு. புக்கெட்டின் மறுபக்கத்துப் படகுத்துறை வரை சாலையில் போய், அங்கிருந்து கடலில் போய், அத்தனையும் திரும்பி வர வேண்டும். வழியில் ஒரு படகு பழுதானால் போதும், கப்பல் போய்விடும். இந்த மாதிரி இடத்தில் கப்பல் டூரின் கூடுதல் விலை நியாயமானதுதான். அவர்களுடைய டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லை என்றால் அடுத்த துறைமுகத்தில் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. அதற்குத்தான் அந்தக் காசு.

இன்னொன்று. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கரையிறங்கியதும் போன் தானாக மாறிவிடும், கப்பல் கடிகாரம் பெரும்பாலும் மாறியிருக்காது. அப்படியானால் போனில் நான்கு மணி என்றால் கப்பலில் ஐந்து. கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்று கட்டி, அதைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சொந்தமாகச் சுற்றப் போய், கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும்? இன்சூரன்ஸ் உதவுமா? – வாசகர், சேலம்

பதில்: பெரும்பாலும் உதவாது. பயணக் காப்பீட்டில் ‘தவறவிட்ட பயணம்’ என்ற பிரிவு, விமானமோ பஸ்ஸோ தாமதமானதால் தவறியதற்குத்தான். கடையில் நேரம் போனதற்கு இல்லை. பல பாலிசிகளில் கப்பல் பயணத்தையே தனியாகச் சேர்த்தால்தான் பாதுகாப்பு வரும், வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

தவறிவிட்டால் முதல் வேலை, துறைமுக ஏஜென்ட்டை, அதாவது அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதியைப் பிடிப்பது. அவர் எண் கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும். இறங்குமுன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் நகலாவது கையில் இருக்கட்டும். பினாங்கில் தவறினால் அவ்வளவு மோசமில்லை, அங்கிருந்து சிங்கப்பூர் ஒன்றரை மணி நேர விமானம்தான். டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் உங்கள் தலையில்.

கேள்வி: ஆகஸ்ட் மாதக் கப்பலில் கடல் சரியில்லை என்று புக்கெட்டையே விட்டுவிட்டார்கள். சென்னை ஏஜென்சியிடம் அங்கே சுற்றிப்பார்க்கத் தனியாகப் பணம் கட்டியிருந்தோம். ‘கப்பல்காரர்கள் செய்தது, நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்கிறார்கள். பணம் வருமா? – வாசகர், தாம்பரம்

பதில்: இதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

துறைமுகத்தை விட்டதற்கு நஷ்டஈடு கேட்டால் நிற்காது. ஊர் மாற்றவும் விடவும் உரிமை உண்டு என்று எல்லாக் கப்பல் நிறுவனங்களும் டிக்கெட் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் புக்கெட்டின் மேற்குக் கரை கொந்தளிக்கும், டெண்டர் படகு இறக்க முடியாது. அந்த மாதங்களில் பதிவு செய்பவர்கள் புக்கெட் கிடைக்காமலும் போகலாம் என்று எண்ணிக்கொண்டே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, அந்தத் துறைமுகத்துக்கு உங்களிடம் வாங்கிய வரியும் கட்டணமும். இதைப் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள், ஆனால் சத்தமில்லாமல் கப்பல் கணக்கில் வரவு வைத்துவிடுவார்கள். உங்கள் கடைசி பில்லை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் உங்கள் சண்டை. சுற்றிக்காட்ட ஏஜென்சி தனியாக வாங்கிய பணம் ஒரு சேவைக்காக வாங்கியது. அந்தச் சேவை நடக்கவில்லை. ரத்தானால் பணம் வராது என்று உங்களுக்கு முன்பே எழுத்தில் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, கேட்க உங்களுக்கு முகாந்திரம் இருக்கிறது. ரசீதோடு மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் பேசிப் பயனில்லை. பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.

கேள்வி: எங்கள் சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவு மட்டும். போதுமா? – வாசகி, மதுரை

பதில்: போதாது. கப்பலில் வெளியே போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவு. பலமுறை நுழைவுக்கானது இல்லை என்றால் பயணத்துக்கு முன் விசா ஏஜென்ட்டிடம் சொல்லி மாற்றுங்கள். மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா இரண்டின் டிஜிட்டல் வருகை அட்டையும் அரசுத் தளத்தில் இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

கேள்வி: கப்பலில் ‘ஷாப்பிங் வழிகாட்டி’ என்று ஒரு வரைபடம் தருகிறார்கள். அதில் உள்ள கடைகளை நம்பி வாங்கலாமா? சிங்கப்பூரில் வாங்கியதற்கு வரி திரும்ப வாங்கலாமா? – வாசகர், புதுச்சேரி

பதில்: அந்த வரைபடத்தை விளம்பரமாக எடுத்துக்கொள்ளுங்கள். கடை தரமானது என்பதற்கு அது சான்று இல்லை. புக்கெட்டில் மலிவாக ஊர் சுற்றிக்காட்டுகிறேன் என்பவர்களின் வண்டி பெரும்பாலும் ரத்தினக் கடை வாசலில்தான் முதலில் நிற்கும். கல்லைப் பற்றித் தெரியாதவர்கள் அங்கே கல் வாங்கவே வேண்டாம். ஊருக்கு வந்தபின் மதிப்பு பார்த்து என்ன பயன்? பினாங்கில் வாங்கத் தகுந்தது ஜாதிக்காய்த் தைலமும் தம்புன் பிஸ்கட்டும், இரண்டும் சல்லிசு.

சிங்கப்பூரில் 9 சதவீத ஜிஎஸ்டி. குறைந்தது 100 டாலருக்கு வாங்கினால், திட்டத்தில் உள்ள கடைகளில் பயணிகள் திரும்பப் பெறலாம். ஆனால் போய்த் திரும்பும் கப்பலுக்கு இது செல்லாது. சாங்கியில் விமானம் ஏறும்போதுதான் கேட்க முடியும், வாங்கி இரண்டு மாதத்துக்குள் பொருள் நாட்டை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். மலேசியாவில் வெளிநாட்டுப் பயணிக்கு வரி திரும்பக் கிடைப்பதில்லை. பினாங்கில் மின் சிகரெட் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சிங்கப்பூருக்குள் அது தடை செய்யப்பட்ட பொருள்.

கேள்வி: சர்வதேச ரோமிங் பேக் போட்டும் போன் பில் எகிறிவிட்டது. ஏன்? – வாசகர், நெல்லை

பதில்: கரையை விட்டு விலகியதும் போன் கப்பலின் சொந்த அலைவரிசையைப் பிடித்திருக்கும். சாதாரண ரோமிங் பேக் அதற்குப் பொருந்தாது. கப்பல் கிளம்பியதும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, தேவையென்றால் வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பினாங்கு டூரியனைக் கப்பலுக்கு எடுத்துப் போகலாமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: முடியாது. எந்தப் பழமும் சமைத்த உணவும் வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், டூரியன் என்றால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வாருங்கள். கடையில் எடை போடும்போது கிலோ விலையை முதலில் கேளுங்கள், ‘முசாங் கிங்’ ரகத்தின் விலை மற்றதைப் போல இருக்காது.