ஞாயிறு ராத்திரி வேலை

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருக்கிறேன். என்னிடம் பிஎச்.டி. செய்யும் மாணவிக்கு இது மூன்றாம் வருஷம். சொன்னதைச் செய்வாள்; தானாக ஓர் அடி எடுத்துவைக்க மாட்டாள். நானும் குறை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அத்தியாயம் கொடுத்தால், ஞாயிறு ராத்திரிக்குள் முழுக்கத் திருத்தி எழுதி அனுப்பிவிடுகிறேன். இவளை எப்படித் தேற்றுவது?

பதில்: அவளைத் தேற்றுவது இருக்கட்டும். அந்த ஞாயிறு ராத்திரிக்கு வருகிறேன். ‘திருத்தி’ என்றதோடு நிறுத்தாமல் ‘எழுதி’ என்றும் போட்டுவிட்டீர்களே, ஐயா. அப்படியானால் அந்த ஆய்வேட்டை எழுதுவது யார்? தன் வரி எங்கே போனது, ஏன் போனது என்று அவளுக்குத் தெரியாது. அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை அவள் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கப்போவது நீங்களா? பொறுமை இல்லாததற்கு உழைப்பு என்று பேர் வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் நகரத்தார் வீடுகளில் கல்யாணமான பிள்ளையை ‘வேறு வைப்பது’ உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே வீடு, தனி அடுப்பு. அரிசி, புளி, பாத்திரம் எல்லாம் பெரியவர்கள் கொடுத்துவிடுவார்கள். சமைப்பது மருமகள் பாடு. என்னை வேறு வைத்த முதல் வாரமே குழம்பு அடிப்பிடித்தது. பத்தடி தள்ளி மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தீய்ந்த வாடை தெரியாமலா இருக்கும்? எழுந்து வரவில்லை. சாயங்காலம், “தீயை எப்பக் குறைச்சே, ஆத்தா?” என்று மட்டும் கேட்டார். குழம்பு கைக்கு வந்தது அப்படித்தான். (ரசம் இன்றைக்கும் சுமார்தான்.)

உங்கள் ஊர் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். உள்ளே போய்ச் சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. படிக்க வந்த பிள்ளையும் வீட்டுப் பிள்ளைதான் என்பது என் கட்சி. தனி அடுப்பு மூட்டிக் கொடுக்காதவர், கடமையைச் செய்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

இந்த ஞாயிறு கோப்பைத் திறக்காதீர்கள். திங்கட்கிழமை அவளை எதிரே உட்காரவைத்து, ஒரே ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். “இதில் என்ன சொல்ல வர்றே?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷம் பேசாமல் இருப்பாள். இருக்கட்டும். சோதனை சொதப்பிய நாளின் குறிப்பேட்டையும் கேளுங்கள். நீங்கள் முகம் சுளிப்பீர்களோ என்று இத்தனை நாள் நல்ல வரைபடத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்திருப்பாள். மேசைமேல் பேனா வேண்டாம். பென்சில்கூட வேண்டாம்.